மாநாட்டு மேடை ஏறாத ஊர்கள்

முதலீட்டாளர் மாநாடு என்று ஒன்று நடந்தால் மறுநாள் பேப்பரில் ஒரு பெரிய எண் வரும். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் நடந்த மாநாட்டுக்கு அந்த எண் 6.64 லட்சம் கோடி ரூபாய். மின்சார கார், சோலார், செல்போன் பாகங்கள் என்று தலைப்புகள் பறந்தன. உணவுத் தொழில் பற்றி டீக்கடையில் யாரும் பேசி நான் கேட்கவில்லை.

என் பிழைப்பு ஏற்றுமதிக் காகித வேலை. கண்டெய்னருக்குள் என்ன சரக்கு, எந்த ஊர்ச் சரக்கு, எந்த நாட்டுக்குப் போகிறது, எந்தச் சான்றிதழ் இன்னும் வந்து சேரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. அதனாலோ என்னவோ, ‘எங்கள் மாநிலத்தின் வேளாண் வளம்’ என்று வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுக்கும் பிரசுரங்களைப் புரட்டினால் எரிச்சல்தான் வருகிறது. பச்சை வயல், சிரிக்கிற விவசாயி, ஏழு வேளாண் காலநிலை மண்டலங்கள், துறைமுகங்களின் பட்டியல், மூலதன மானியம் இத்தனை சதவீதம். பக்கத்து மாநிலமும் இதையேதான் அச்சடிக்கிறது. மானியத்தில் அவர்கள் இரண்டு சதவீதம் கூட்டினால் நம் பிரசுரம் அன்றோடு பழைய பேப்பர்.

நான் சொல்ல வருவது இதுதான்: வேளாண் தொழிலில் பணம் போடுகிறவரிடம் மாநிலத்தைக் காட்டிப் பயனில்லை. ஊரைக் காட்ட வேண்டும். அந்த ஊரில் அந்தத் தொழில் ஏன் வேர் பிடித்தது, இன்றைக்கு அதற்கு என்ன நோவு, இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோவை மறைத்தால் வருகிறவர் ஒரு சீசனில் கண்டுபிடித்துவிடுவார்.

கார் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டாடா நானோ 2008இல் மேற்கு வங்கத்துச் சிங்கூரைவிட்டு குஜராத்தின் சானந்துக்கு மூட்டை கட்டியது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014இல் மூடியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த மாதிரி தொழிற்சாலைக்கு நிலம், மின்சாரம், சாலை இருந்தால் எந்த ஊரும் ஒன்றுதான். ஆத்தூர்ப் பக்கத்து சேகோ மில், அதாவது ஜவ்வரிசி மில், அப்படிப் போக முடியாது. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளுக்குள் அரைத்தாக வேண்டும். கிழங்கு இருக்கிற இடத்தில்தான் மில் இருக்கும். ஒட்டிக்கொண்டால் போகாத தொழில் இது. ஆனால், இருந்த இடத்திலேயே செத்துப்போகலாம். அது எப்படி என்பதும் கீழே வரும்.

நாமக்கல்

நாமக்கல்லைப் பற்றிப் பிரசுரத்தில் ‘தினமும் கோடிக்கணக்கில் முட்டை’ என்று ஒரு வரி இருக்கும். ஏன் நாமக்கல்? அதைச் சொல்ல மாட்டார்கள்.

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. நெல்லுக்கு ஆகாத அந்த வறட்சி, முட்டையிடும் லேயர் கோழிக்கு ஒத்துவந்தது. அடுத்தது லாரி. பாடி கட்டும் பட்டறைகளும் டிரைவர்களும் நிறைந்த ஊர். கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மக்காச்சோளம் வரவும், கேரளத்துக்கு முட்டை போகவும் வண்டிக்குப் பஞ்சமே இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் ஊருக்கே வந்தது. கோழிக்குச் சீக்கு என்றால் ஓடிப்போய்க் கேட்க ஆள் கிடைத்தது. 1982இல் என்இசிசி என்ற முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்து, விலையை வியாபாரி சொல்வது போய்ப் பண்ணையாளர்கள் சேர்ந்து சொல்லும் நிலை வந்தது. அதே 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது. பிறகு அது வாரத்தில் ஐந்து நாள் என்று வளர்ந்தது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தட்டில் முட்டை வைத்த அரசு, தான் அறியாமலேயே ஒரு தொழிலுக்கு நிலையான கிராக்கியை உண்டாக்கிவிட்டது. வெளிச் சந்தை சரிந்தாலும் சத்துணவு முட்டைக்கு டெண்டர் உண்டு. எந்த மானியத்தைவிடவும் இது பெரிய ஊக்கம். ஆனால், முதலீட்டுப் பிரசுரத்தில் சத்துணவு என்ற சொல்லையே நான் பார்த்ததில்லை. அது சமூக நலத் துறை. இது தொழில் துறை. இரண்டு கோப்பும் வேறு வேறு அலமாரி.

2025இல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலால் முட்டை தட்டுப்பாடாகி விலை எகிறியபோது, ஜூன் மாதம் நாமக்கல்லிலிருந்து சுமார் ஒரு கோடி முட்டை குளிர்சாதனக் கண்டெய்னரில் தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஊரே கொண்டாடியது. ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. கொண்டாட்டம் அதோடு அடங்கியது. எத்தனை கடலுக்கு அப்பால் போனாலும் ஒற்றைச் சந்தையை நம்பக் கூடாது என்ற பாடத்துக்கு இரண்டு மாதம் போதுமாக இருந்தது.

நோவும் சொல்ல வேண்டும் என்றேனே. என்இசிசி ஒரு விலை அறிவிக்கும்; வியாபாரி அதிலிருந்து ‘மைனஸ்’ வைத்து எடுப்பார். பேப்பரில் வருகிற ரேட் ஒன்று, பண்ணை வாசலில் கைக்கு வருவது ஒன்று. தீவனத்திலோ மக்காச்சோளத்துக்கு எத்தனால் ஆலைகள் போட்டிக்கு வந்துவிட்டன. சோளம் ஏறினால் முட்டையின் அடக்கவிலை ஏறும். முட்டை விலையோ புரட்டாசி போலச் சனங்கள் கவிச்சியை நிறுத்தும் மாதங்களில் இறங்கும். நாமக்கல்லுக்கு இன்னொரு ஐந்து லட்சம் கோழிப் பண்ணை வேண்டாம். முட்டையை உடைத்துப் பவுடராக்கி, திரவமாக்கி, பேக்கரிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் விற்கும் ஆலைகள் இன்னும் வேண்டும். விலை இறங்கும் மாதத்தில் எடுத்துக்கொள்ள அப்போதுதான் ஆள் இருக்கும்.

சேலத்தைக் காப்பாற்றிய குளவி

ஜவ்வரிசி நமக்குப் பாயசம், வடகம். வட இந்தியாவில், முக்கியமாக மகாராஷ்டிரத்தில், விரத நாள் உணவு. சிவராத்திரிக்கும் நவராத்திரிக்கும் அங்கே கிச்சடியாகிற ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலம், நாமக்கல், ஆத்தூர் மில்களிலிருந்து போவது.

இந்தத் தொழில் யுத்த காலத்துக் குழந்தை. இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் ஜவ்வரிசி செய்யும் முறையைப் பார்த்துவந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவில் முயன்றார்கள். கையால் உருட்டி, சட்டியில் வறுத்து ஆரம்பித்தது. 1981இல் மில்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து சேகோசர்வ் அமைத்தார்கள். அங்கே சரக்கை வைத்து டெண்டரில் விற்கலாம், இருப்பு வைத்த சரக்கின் பேரில் முன்பணம் வாங்கலாம். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விவசாயிக்கும் மில்லுக்கும் நடுவில் நிற்பது ‘பாயிண்ட்’. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதற்கான கணக்கு. ஒரு கூடைக் கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். நீர்த்த கிழங்கு காட்டாது. அதை வைத்துப் பாயிண்ட், பாயிண்டை வைத்து டன் விலை. அறிவியல் ரொம்பச் சுத்தம். சண்டை எங்கே என்றால், அந்தத் தராசு யாருடையது? மில் வாசலில் மில்காரர் தராசு. “எங்க காட்டுல வெளஞ்ச கெழங்கு, லாரி ஏறி எறங்கறதுக்குள்ள எப்புடிங்க ரெண்டு பாயிண்ட் கொறையும்?” என்று கேட்காத விவசாயி அந்தப் பக்கம் கிடையாது. மில்காரரைக் கேட்டால் கலப்படம், மண், மழையில் நனைந்த கிழங்கு என்று அவருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். பொதுவான ஒரு பரிசோதனை மையம், யார் வேண்டுமானாலும் கிழங்கைக் கொண்டுபோய் அளந்துகொள்ளும்படி ஊருக்கு ஒன்று, இருந்தால் பாதிச் சண்டை தீரும். ஒரு உணவுப் பூங்கா கட்டும் செலவில் இப்படி எத்தனையோ மையங்கள் வைக்கலாம்.

இனி, இந்தத் தொழிலின் ஆகப் பெரிய கதை. 2020இல் மரவள்ளியைத் தின்னும் ஒரு புது மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முறையாகக் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. தென் அமெரிக்கப் பூச்சி; 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து மரவள்ளியையே நம்பி வாழ்ந்த நாடுகளைப் பதறவைத்தது. அது சீக்கிரமே சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கொழுந்து சுருண்டு, செடி முடங்கி, விளைச்சல் விழுந்தது. மருந்தடித்து மாளவில்லை.

ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சியை அடக்கியது ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைத் தீர்த்துக்கட்டும். அந்த வேலைக்காகத்தான் ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். பெங்களூரில் இருக்கும் வேளாண் பூச்சிகள் தேசிய ஆய்வு மையம் அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டது.

ஏத்தாப்பூர் என்ற பெயர் எந்த முதலீட்டுப் பிரசுரத்திலாவது இருக்கிறதா? நூற்றுக்கணக்கான மில்களின் மூலப்பொருளுக்குக் காவல் நின்றது அந்த நிலையமும் ஒரு குளவியும்தான். ஸ்டார்ச் ஆலையில் நூறு கோடி போட வருகிற ஒருவருக்கு நிலத்தின் விலையைவிட இதுதான் முக்கியமான தகவல்: இங்கே பயிருக்கு ஆபத்து வந்தால் பார்க்க ஆள் இருக்கிறது, மருந்து எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். 1912இல் தொடங்கிக் கரும்பு ரகங்கள் கொடுத்துவரும் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், திருச்சி வாழை ஆராய்ச்சி மையம், தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான நிஃப்டெம் என்று இப்படி நம்மிடம் ஒரு வரிசையே இருக்கிறது. இவற்றை ‘கல்வி நிறுவனங்கள்’ என்று கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடுகிறோம்.

பொள்ளாச்சியில் தண்ணீர் பரிசோதனை

பொள்ளாச்சி, உடுமலை ரோடுகளில் மஞ்சி மில்களுக்கு வெளியே தென்னை நார்த் தூள் மலைமலையாகக் கிடந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. மட்டையிலிருந்து மஞ்சியை உரித்ததுபோக மிச்சம். எரித்தார்கள், ஓடையோரம் கொட்டினார்கள். இன்று நாட்டின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதியில் முதலிடம் அந்தத் தூளுக்குத்தான். ‘பித்’ என்று பெயர் வைத்து, கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி அனுப்புகிறார்கள். நெதர்லாந்திலும் கொரியாவிலும் பசுமைக்குடில்களில் தக்காளி, ஸ்ட்ராபெரி வேர் விடுவது நம் பொள்ளாச்சித் தூளில்.

ஒரு முறை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரோடு ஒரு பித் களத்துக்குப் போயிருந்தேன். முதலாளி புது அழுத்த மிஷினைக் காட்ட ஆசைப்பட்டார். வந்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன மீட்டரை எடுத்து நேரே கிணற்றுத் தொட்டிக்குப் போய்த் தண்ணீருக்குள் விட்டார். அப்புறம் காயப்போட்டிருந்த பித்தில் ஒரு கைப்பிடி, அதில் தண்ணீர் ஊற்றிப் பிழிந்து மறுபடி மீட்டர். பார்க்கிற எண்ணுக்கு ‘ஈசி’ என்று பெயர். உப்பின் அளவைக் காட்டுவது. 0.5க்குக் கீழே இருந்தால்தான் பேச்சு. முதலாளி என் காதில், “மாப்பிள பார்க்க வந்தவரு மாதிரி மூஞ்சியவே பார்க்க மாட்டேங்கறாருங்களே தம்பி” என்றார். “மூஞ்சி மிஷினுங்கண்ணா. அவருக்குத் தண்ணிதான் வேணும்” என்றேன்.

அங்கேதான் சிக்கலும். பித்தின் உப்பை எடுக்க நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். கழுவிய தண்ணீர் பழுப்பாக, உப்போடு வெளியே வரும். அது அக்கம்பக்கத்துக் கிணற்றில் இறங்கினால் தென்னையை வளர்த்தவரே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்பார். இந்தப் புகார்களுக்குப் பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த ஆலைகளை மாசில்லாத வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆலைக்காரர்கள் கொதித்தார்கள். என் கணக்கில் இரண்டு தரப்புக்கும் வேண்டியது ஒன்றுதான்: கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் பொது நிலையம். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவும் நொய்யல் ஆறும் கற்றுக்கொடுத்த பாடத்தை இன்னொரு முறை காசு கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை.

ஆலை வந்தால் விலை வருமா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். உணவுப் பூங்கா, பதப்படுத்தும் ஆலை எல்லாம் வந்தால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே?

கிருஷ்ணகிரியைப் பாருங்கள். மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த மாவட்டம். பெங்களூரா மாம்பழத்தை அரைத்து டின்னில் அடைத்து உலகமெல்லாம் அனுப்புகிறார்கள். கடையில் வாங்கும் மாம்பழ ஜூஸ் பெரும்பாலும் அந்த ரகம்தான். 2025 சீசனில் விளைச்சல் கொட்டியது. ஆலைகளில் முந்தைய ஆண்டுக் கூழே தேங்கிக் கிடந்தது. பெங்களூரா கிலோ நாலைந்து ரூபாய்க்கு வந்து நின்றது. பறிகூலிக்குக் கட்டாமல் மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் சித்தூரில் கிலோவுக்கு 12 ரூபாய், அதில் ஆலை 8, அரசு 4 என்று நிர்ணயித்தார்கள். கர்நாடக மாம்பழம் உள்ளே வரத் தடையும் போட்டார்கள். மூன்று மாநிலங்களுக்கும் ஒரே பழம், ஒரே வகை ஆலை, ஒரே நேரத்தில் ஒரே நெருக்கடி.

ஆக, ஆலை இருப்பது மட்டும் போதாது. எல்லாரும் ஒரே சரக்கை ஒரே வாடிக்கையாளருக்குச் செய்தால் பத்து ஆலையும் ஒரு ஆலைதான்.

இன்னொரு பக்கம் கெர்கின் வெள்ளரி. திண்டுக்கல், கரூர்ப் பக்கம் விரல் நீளத்தில் பறித்து, உப்புநீரிலோ வினிகரிலோ போட்டு ஏற்றுமதியாகும். நம் சாப்பாட்டில் இதற்கு வேலையே கிடையாது. ஒரு நாட்டு மக்கள் சாப்பிடாத காயில் அந்த நாடு உலக ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கிறது. தென் மாநிலங்களில் சுமார் 90,000 சிறு விவசாயிகள் ஒப்பந்த முறையில் பயிரிடுவதாக வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அமைப்பான அபெடா சொல்கிறது. விதை, மருந்து, மேற்பார்வை கம்பெனியுடையது. விலை விதைக்கும் முன்பே பேசியது. காய் சிறுசாக இருந்தால் விலை கூட. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் காய் பெருத்துத் தரம் இறங்கிவிடும். வீட்டில் கல்யாணமானாலும் காட்டுக்கு ஆள் போயாக வேண்டும். உழைப்பு கடுமை. ஆனால் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் நிற்கும் பதைப்பு இல்லை.

ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் 2019இல் கொண்டுவந்தது தமிழ்நாடு. சட்டத்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது என்பதற்குப் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைக் கேட்டால் போதும். குஞ்சு, தீவனம் கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், கரண்டு பில், தூக்கம் கெட்ட இரவுகள் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் வளர்ப்புக் கூலியை உயர்த்தச் சொல்லி அவர்கள் எத்தனையோ முறை போராடிவிட்டார்கள். கோடிக்கணக்கான மூலதனம் புழங்கும் தொழில் இது. அதன் அஸ்திவாரம் இந்தப் பண்ணையாளர்கள்தான்.

நாசிக் திராட்சைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2003இல் அவர்கள் பழத்தில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பாவில் சிக்கல் ஆனது. அதன் பிறகு அபெடா கிரேப்நெட் என்ற முறையைக் கொண்டுவந்தது: தோட்டத்தைப் பதிவு செய், அறுவடைக்கு முன் லேபில் சோதி, எந்தப் பெட்டி எந்தத் தோட்டம் என்று கடைசிவரை தெரிய வேண்டும். விளம்பரம் என்று தனியாகத் தேவைப்படவில்லை. லேப் ரிப்போர்ட்தான் விளம்பரம். நம் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு வந்தது, சந்தோஷம். ஆனால், தேசிய மஞ்சள் வாரியத்தின் தலைமையகத்தை 2025 ஜனவரியில் தெலங்கானாவின் நிஜாமாபாத் பெற்றுக்கொண்டது. பேர் நம்மிடம், நாற்காலி அவர்களிடம். தோட்டம்வரை பின்தொடர்ந்து போய்ப் பார்க்கக்கூடிய மஞ்சளை முதலில் யார் கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் விலை சாயும்.

என்னைக் கேட்டால்

2021 ஆகஸ்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போட ஆரம்பித்த மாநிலம் இது. மணப்பாறையிலும் திண்டிவனத்திலும் உணவுப் பூங்கா இருக்கிறது. அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேளாண்மை ஒரு துறை, தொழில் இன்னொரு துறை, சத்துணவு வேறொரு துறை என்று பிரிந்து கிடக்கிறது. வருகிற முதலீட்டாளருக்கு இந்த எல்லாமே ஒரே கேள்வியில் வந்து முடியும்: பத்து வருடம் கழித்தும் எனக்கு இந்தச் சரக்கு இதே தரத்தில் கிடைக்குமா?

அதற்குப் பதில் சொல்லும் பிரசுரம் ஊருக்கு இரண்டு பக்கம் இருந்தால் போதும். முதல் பக்கத்தில் பயிர், மில், லாரி, ஆராய்ச்சி நிலையம், லேப், துறைமுகத்துக்கு எத்தனை மணி நேரம். இரண்டாம் பக்கத்தில் குறை: தண்ணீர் எவ்வளவு உப்பு, விலை எந்த மாதம் விழும், விவசாயிக்கும் ஆலைக்கும் எதில் தகராறு, அதற்கு அரசு என்ன செய்துகொண்டிருக்கிறது. இரண்டாம் பக்கத்தை அச்சடிக்கத் துணிகிற மாநிலத்தைத்தான் விஷயம் தெரிந்தவர் நம்புவார். பொள்ளாச்சிக்கு மீட்டரோடு வந்தவர் அந்த ரகம்.

அடுத்த மாநாடு முடிந்து பெரிய எண் வரும்போது நான் வேறொரு கணக்குப் பார்ப்பேன். கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குக் கூழ் ஆலையைத் தவிர இன்னொரு வகை ஆள் வந்தாரா? சேலத்துக் கிழங்குக்கு ஜவ்வரிசி மில் தவிர ஒட்டுப்பசைக்காரரோ காகித ஆலையோ கூடுதலாக வந்து விலை கேட்டாரா? ஒரே காட்டு வாசலில் ஒரே பயிருக்கு இரண்டு பேர் வந்து நின்று, “அவர் என்ன ரேட் சொன்னாருங்க?” என்று ஒருவரைப் பற்றி ஒருவர் விசாரிக்கும் நிலை வந்துவிட்டதென்றால் மாநாடு ஜெயித்தது. லட்சம் கோடியை அதற்கு அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.